மாப்பிள்ளைக்காக ஒரு வெள்ளிக்கிழமை

இரண்டாயிரத்து நான்காக இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம். குளிர்காலம் என்பது மட்டும் நிச்சயம். ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் சைட் ஆபீஸில் நான் டைம்கீப்பராக இருந்தேன். யார் டியூட்டிக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை மணி நேரம் ஓவர்டைம் என்று நாள் முழுக்கக் கட்டம் போட்டு எழுதுகிற வேலை. கட்டம் போட்டுப் போட்டு, உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் கட்டத்துக்குள் அடக்கிவிடலாம் என்ற நினைப்பு எனக்கு வந்திருந்தது. ரூமில் என்னை ‘மூளை’ என்று கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

ரூம் முவைலாவில் இருந்தது. என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டிலில் படுப்பவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அறந்தாங்கிப் பக்கத்துக்காரன். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். உறவெல்லாம் கிடையாது, எங்கள் பக்கத்துக் கூட்டாளிகள் அப்படித்தான். அவனுக்கு வேலை கம்பி கட்டுவது. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பிகளை வரிசையாக அடுக்கி, மெல்லிய கட்டுக்கம்பியால் முடுக்குகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்தபடியே வெயிலில் செய்ய வேண்டும். அதை அவன் பூக்கட்டுகிற லாகவத்தில் செய்வான்.

எங்கள் சைட் என்ஜினியர் வெள்ளைக்காரர், வட இங்கிலாந்தில் நியூகாசில் ஊர்க்காரர். ஒரு முறை நான்கு நாள் லீவில் ஊருக்குப் போய்விட்டு, தொண்டை கட்டித் திரும்பி வந்தார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரில் போட்டோக்களைக் காட்டினார். அவருடைய தம்பி கோழி வேஷத்தில் நடுத்தெருவில் நடந்துபோகிறார். பின்னால் ஏழெட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைக் கூட்டாளிகள் சேர்ந்து இரண்டு நாள் எங்காவது அழைத்துப் போவது அவர்கள் ஊர் வழக்கமாம். ஸ்டாக் வீக்கெண்ட் என்று அதற்குப் பெயராம். அதைத் திட்டம் போட்டவர் இவர்தான். திட்டத்தையும் காட்டினார். எட்டுப் பேருக்கு இரண்டே ரூம். ரயில் டிக்கெட் முன்கூட்டியே எடுத்தால் மலிவு. காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் மதியச் சாப்பாடு மிச்சம். ஆற்றுப் பாலங்களில் நடந்து வேடிக்கை பார்க்கக் காசே வேண்டாம். எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. எனக்கு நம் ஆளைக் கண்டுகொண்ட சந்தோஷம்.

அந்த வழக்கத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு என்றார். மாப்பிள்ளை காசு எடுக்கக் கூடாது. கூட்டாளிகள் சொல்வதை மாப்பிள்ளை மறுக்காமல் செய்ய வேண்டும்.

நம் மாப்பிள்ளைக்கும் ஒன்று நடத்திவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். அவனுக்கு அடுத்த புதன்கிழமை சென்னைக்கு விமானம். இரண்டு நாள் என்பதெல்லாம் எங்களுக்கு ஆகாது, எங்கள் வீக்கெண்ட் வெள்ளிக்கிழமை ஒன்றுதான். பழைய டைம்ஷீட் ஒன்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். கீழே மளிகைக்கடை வைத்திருந்த பாய், கீழக்கரைக்காரர், தன் பழைய வேனைத் தருவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை, டிரைவராக அவரும் வருவார். நானும் மாப்பிள்ளையும் ரூம் கூட்டாளிகள் இரண்டு பேரும் அவருமாக ஐந்து பேர். விடியற்காலையில் கிளம்பி கோர்ஃபக்கான் கடற்கரை. பரோட்டா இங்கேயே கட்டிக்கொள்வது. பிரியாணிச் சட்டியும் அரிசியும் எடுத்துப்போய் அங்கேயே சமைப்பது. கடலுக்கு டிக்கெட் கிடையாது. கோழி வேஷத்துக்குப் பதிலாக, சைட்டில் போடும் மஞ்சள் ஹெல்மெட்டைச் சுற்றி பிளாஸ்டிக் ரோஜாப்பூ ஒட்டினோம். வெள்ளை வேட்டி, பூ வைத்த ஹெல்மெட், அதுதான் அவன் வேஷம்.

கட்டத்தில் கடைசியாக ஒரு வரி எழுதினேன். ‘மாப்பிள்ளை பெண்ணுக்குப் போன் போட்டு, எங்கள் முன்னால் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.’ அவன் அதுவரை அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசியதே இல்லை. அவனுடைய அக்காவுக்கு அவனுக்குத் தெரியாமல் போன் செய்து, வெள்ளிக்கிழமை ஊர் நேரம் ஒரு மணிக்குப் பெண், பக்கத்து வீட்டு டீச்சரின் போன் அருகில் இருக்க ஏற்பாடு செய்தேன். செலவுக் கணக்கில் போனுக்கு என்று எதுவும் எழுதவில்லை. என்னிடம் பாதி தீர்ந்த டெலிபோன் கார்டு ஒன்று இருந்தது. ‘நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன்’ என்பதற்கு அது போதாதா என்ன?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்யாணத்தில் ஒரு பொய் இருந்தது. அந்தப் பொய் என்னுடையது.

எட்டு மாதம் முன்னால் பெண் வீட்டார் போட்டோ கேட்டபோது, அவனிடம் இருந்தது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த ஒரு படம் மட்டும். அதில் தூக்கத்தில் எழுப்பியவன் மாதிரி இருப்பான். நான் விடுவேனா? ஆபீஸ் சாவி என்னிடம்தான் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவனை என்ஜினியர் அறைக்குக் கூட்டிப்போய், அவருடைய சுழல் நாற்காலியில் உட்கார வைத்தேன். சென்னையில் இன்டர்வியூவுக்காக நான் வாங்கிய டையைக் கட்டிவிட்டேன். கையில் பேனா கொடுத்தேன். இரவல் கேமராவில் மூன்று படம் எடுத்தேன். அவன் நெளிந்தான். “வேணாம் மச்சான், தப்பா நெனப்பாங்க” என்றான். “தப்பா நெனைக்க மாட்டாங்க, பெருசா நெனப்பாங்க” என்றேன். அதோடு விடவில்லை, சூப்பர்வைசர் என்று கடிதத்திலும் நானே எழுதினேன். பெண்ணின் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு மறுவாரமே சரி சொல்லி அனுப்பினார். நான் ரூம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் சரியாகத் தூங்கவில்லை. கீழ்க்கட்டில் இரவெல்லாம் கிரீச் கிரீச் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கல்யாணக் கனவு என்று நாங்கள் கேலி செய்தோம்.

அந்த வெள்ளிக்கிழமைக் காலை இப்போதும் எனக்குப் பாதி கனவாகத்தான் இருக்கிறது. இருட்டு பிரியும் முன்பே கிளம்பினோம். தைத் என்ற ஊரைத் தாண்டியதும் பனிமூட்டம். பாலைவனத்தில் அப்படியொரு மூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரோடு இல்லை, மணல் இல்லை, வானம் இல்லை. வேனின் மஞ்சள் விளக்கு முன்னால் பத்தடி மட்டும் தெரிகிறது. பாய் மெதுவாக உருட்டினார். திடீரென்று வலது பக்கம் மூட்டத்துக்குள்ளிருந்து ஒட்டகங்கள் வந்தன. கால் தெரியவில்லை, கழுத்தும் முதுகும் மட்டும் மிதந்துபோயின. மாப்பிள்ளை பூ வைத்த ஹெல்மெட்டோடு ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பதெல்லாம் மறந்து, இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது.

மசாஃபியில் மலை ஏறியதும் மூட்டம் கீழே நின்றுவிட்டது. வெயில் பளிச்சென்று விழுந்தது. செம்மண் நிற மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கினால், ஒரு திருப்பத்தில் கடல். எங்கள் சைட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு கடல் உண்டு. ஆனால் இந்தக் கடல் வேறு. ‘இது நம்ம ஊருப் பக்கம் பாக்குற கடல், தம்பி’ என்றார் பாய். இதன் வழியே நேராகப் போனால் இந்தியா என்று அவர் சொன்னதும், மாப்பிள்ளை அந்தத் திசையில் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றான்.

குளித்தோம். பரோட்டாவைத் தின்றோம். ஹெல்மெட் மாப்பிள்ளையைக் கரையில் ஊர்வலம் விட்டோம். பிக்னிக் வந்த ஒரு அரபிக் குடும்பத்தின் பெரியவர் எங்களைப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் என்று சைகையில் கேட்டார். கை நிறையப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு அவன் கன்னத்தைத் தட்டிப் போனார். என் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்துகொண்டிருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினொன்றரைக்கு, கடற்கரைச் சாலையோரம் இருந்த போன் பூத்துக்கு அவனை இழுத்துப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. வெட்கம் என்று நினைத்தோம். “சட்டம்னா சட்டம் மாப்ள” என்று கார்டைச் சொருகி, நம்பரையும் நானே அழுத்தினேன். டீச்சரம்மா எடுத்தார், பெண்ணிடம் கொடுத்தார். நாங்கள் நான்கு பேரும் பூத்தைச் சுற்றி நின்று கை தட்டினோம்.

அவன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பேசினான்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. நான் சூப்பர்வைசர் இல்ல. கம்பி கட்டுறேன், வெயில்ல நின்னு. அந்தப் போட்டோல இருக்கிற ரூமு எங்க என்ஜினியரோடது. நாற்காலி அவரோடது. டை கூட என்னோடது இல்லைங்க. எனக்கு இதச் சொல்லாமத் தாலி கட்ட முடியாது. உங்களுக்குப் பிடிக்கலன்னா இப்பவே…”

கை தட்டிய கைகள் அப்படியே நின்றன. போனின் சின்னத் திரையில் எண் பூஜ்யத்துக்கு வந்தது. பீப் என்று ஒரு சத்தம். கார்டு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

அவன் ரிசீவரைக் காதில் வைத்தபடியே நின்றான். “ஹலோ… ஹலோ…” என்றான். நான் கார்டைத் திரும்பச் சொருகினேன். திரும்பவும் வெளியே தள்ளியது.

எதிர்ச்சாரியில் இருந்த கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம். கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, “கலாஸ் பாய், நமாஸ் கே பாத்”, முடிந்தது, இனி தொழுகைக்கு அப்புறம்தான் என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார். அடுத்த கடையும் பூட்டு, அதற்கடுத்ததும் பூட்டு. பாயிடம் ஒரு செல்போன் இருந்தது. ஆனால் அது வருகிற போனை எடுக்க மட்டுமே உதவும், அவ்வளவுதான் அதில் பாக்கி. ரீசார்ஜ் கார்டு வாங்கவும் கடை திறக்க வேண்டும். இத்தனை வருஷம் அந்த நாட்டில் வெள்ளிக்கிழமைகளைக் கட்டத்தில் எழுதியவன் நான். பதினொன்றரைக்கு மேல் ஒரு கடையும் இருக்காது என்பது எனக்குத் தெரியாதா? கட்டத்தில் அதற்கு இடம் விட மறந்துவிட்டேன். எல்லாம் தெரிந்த மூளை!

பாய் தொழுகைக்குக் கிளம்பினார். போகும்போது, “கடை தொறந்த ஒடனே கார்டோட வாரேன். அதுவரைக்கும் அவனத் தனியா விட்டுறாதீங்க” என்றார்.

இரண்டு மணி நேரம். அரிசி ஊறிக்கொண்டிருந்தது, யாரும் அடுப்பு மூட்டவில்லை. மாப்பிள்ளை தண்ணீர் ஓரமாகப் போய் உட்கார்ந்தான். ஹெல்மெட் மடியில் இருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

“இத்தன மாசம் சும்மா இருந்துட்டு இன்னிக்கா சொல்லணும்? கல்யாணம் ஆயி மெதுவாச் சொல்லிக்கலாம்ல.”

“அவங்க குரலக் கேட்டேன் மச்சான்” என்றான். “ஹலோன்னு சொன்னாங்க பாரு. அதுக்கு அப்பறம் பொய் சொல்ல வரல.”

கடல் அன்றைக்கு அலையே இல்லாமல் கிடந்தது. தூரத்தில் கப்பல்கள், நகர்கின்றனவா நிற்கின்றனவா என்று சொல்ல முடியாதபடி. பள்ளிவாசலிலிருந்து பிரசங்கம் காற்றில் வந்து வந்து போனது. மொழி புரியவில்லை, ஆனால் அந்தக் குரல் நெஞ்சை என்னவோ செய்தது. அவன் ஹெல்மெட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பூவைப் பிய்த்து, இதழ் இதழாக உரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? அப்பாவிடம் ஓடியிருப்பாளா? அங்கே பந்தல்காரனுக்கு ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்களா? எட்டு மாதம் இவன் தூங்காமல் புரண்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்கு மேல்கட்டிலிலேயே படுத்திருந்த எனக்கு! மூன்று படம் எடுத்து ஒரு மனுஷனுடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன். அழுகை வந்தது. கடல் உப்புக் கண்ணில் பட்டுவிட்டது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்குப் பாய் ஓட்டமும் நடையுமாக வந்தார். தொழுகை முடிந்ததும் அந்தக் கடைக்காரரை வாசலிலேயே மடக்கி, ஒரு கல்யாண விஷயம் என்று சொன்னாராம். அந்த மனிதர் சாப்பிடப் போகாமல் வந்து, பாதி ஷட்டரைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய்ப் புதுக் கார்டு எடுத்துக் கொடுத்தாராம். பெரிய கார்டு. பாய் அதற்கு என்னிடம் காசு வாங்கிக்கொள்ளவே இல்லை.

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. மறுபடியும் நான்தான் நம்பரை அழுத்தினேன். அவன் என் கழுத்தைப் பிடித்து இழுத்து, ரிசீவரை எங்கள் இருவர் காதுக்கும் நடுவில் வைத்தான். தனியாகக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

ஒரு முறைகூட முழுசாக மணி அடிக்கவில்லை. எடுத்தது அந்தப் பெண்ணேதான். பின்னால் டீச்சரம்மாவின் குரல், “இப்பவாவது வந்து ஒரு வாய் சாப்புடுடி, ரெண்டு மணி நேரமா போனையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க” என்றது.

“என்னங்க, பாதில வச்சிட்டீங்க?” என்றாள் பெண்.

“கார்டு தீந்துபோச்சுங்க.”

“நான் பயந்துட்டேன். சாப்ட்டீங்களா?”

பதிலுக்குக் காத்திராமல் அவளே பேசினாள். குரலில் கோபம் இல்லை, லேசாகச் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

“எனக்கு அந்தப் போட்டோ வந்த அன்னிக்கே தெரியுங்க. அப்பா டையைப் பாத்தாரு. அம்மா முடியைப் பாத்தாங்க. நான்தான் உங்களுக்குப் பின்னாடி இருந்த அலமாரியைப் பாத்தேன். அதுல ஒரு வெள்ளக்காரப் பொண்ணும் ரெண்டு புள்ளைங்களும் இருக்கிற போட்டோ ஒண்ணு கண்ணாடி போட்டு வச்சிருந்துச்சு. ஒண்ணு, அது உங்க குடும்பமா இருக்கணும். இல்ல, அந்த ரூமு உங்களுது இல்லாம இருக்கணும். ரூமு உங்களுது இல்லாமப் போகணும்னுதான் நான் சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்.”

எனக்குக் காது ஜிவ்வென்றது. என்ஜினியரின் மனைவி, இரண்டு மகள்கள், செம்பட்டை முடி. தினம் பார்க்கிற படம். தினம் பார்ப்பதாலேயே நான் பார்க்காத படம்.

“அப்பறம் ஏங்க சரின்னீங்க?” என்று கேட்டான் அவன்.

“அதுல நீங்க பயந்துபோய் ஒக்காந்திருந்தீங்க. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத மூஞ்சி. எப்பவாவது சொல்லுவீங்கன்னு இருந்தேன். நேத்து வரைக்கும் சொல்லல. சொல்லாமப் போயிருவீங்களோன்னு இந்த வாரம் பூரா மனசு அடிச்சுக்கிச்சு.” பிறகு கேட்டாள். “அந்தப் போட்டோவ எடுத்தவரு யாருங்க? அவருக்குக் கண்ணு கொஞ்சம் மந்தமோ?”

மாப்பிள்ளை அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே சிரித்தான். நான் மூச்சுக் காட்டவில்லை.

“அப்பாவுக்கு எப்படிச் சொல்றது?” என்றான்.

“நீங்களே வந்து சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

அதற்கப்புறம் நான் தலையை எடுத்துக்கொண்டு விலகி வந்துவிட்டேன். கார்டு தீரும்வரை பேசினான். நாங்கள் பிரியாணிக்கு அடுப்பு மூட்டினோம். அரிசி ஊறி ஊறிக் குழைந்துவிட்டது. அப்படியொரு பிரியாணியை அதற்கப்புறம் நான் சாப்பிட்டதே இல்லை. திரும்பி வரும்போது மலைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கி, எல்லாம் ரோஜா நிறமாக இருந்தது. பின்சீட்டில் அவன் ஹெல்மெட்டைத் தலைக்குக் கொடுத்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

ஊருக்குப் போனவன் சொன்னபடியே சொன்னானாம். அவள் சொன்னபடியே பக்கத்தில் நின்றாளாம். அப்பா ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில், தன் வீட்டில் பாதியில் நின்றுபோயிருந்த மாடிக்கு அவனைக் கூட்டிப்போய், “இந்தக் கம்பிய ஒழுங்காக் கட்டியிருக்கானான்னு பாருங்க மாப்பிள்ளை” என்றாராம். ஒழுங்காகக் கட்டவில்லையாம். பட்டு வேட்டி எடுக்கப் போக வேண்டியவன், அன்றைக்கு முழுக்க மாமனார் வீட்டு மாடியில் குனிந்து கம்பி கட்டியிருக்கிறான்.

என்ஜினியரிடம் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், சாவியைத் தப்பாகப் பயன்படுத்தியது உட்பட. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் கேட்டு முடித்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். பிறகு சாவியை என்னிடமிருந்து வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டார். அதுவும் நியாயம்தானே. கல்யாணப் போட்டோ வந்தால் ஒன்று வேண்டும் என்று கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குக் கண்ணாடி போட்டு, அதே அலமாரியில், தன் மனைவி மகள்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அந்தக் கம்பெனியை விட்டுக் கிளம்பிய நாளிலும் அது அங்கேதான் இருந்தது.

இப்போது நான் ஊரோடு வந்துவிட்டேன். யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொல்ல நாக்கு துறுதுறுக்கிறபோதெல்லாம், சாப்பிடக்கூட எழுந்து போகாமல் இரண்டு மணி நேரம் ஒரு போனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் நினைப்பு வந்துவிடுகிறது, நான் வாயை மூடிக்கொள்கிறேன்.